ஆகாயத்தில் நம் உடம்பு

மும்பையிலிருந்து ஊருக்கு ரயிலில் போகிறீர்கள். கர்ஜத் ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது. மலை ஏறுவதற்காகப் பின்னால் எஞ்சின் மாட்டுகிறார்கள். அதற்குள் நீங்கள் வடா பாவ் வாங்கிவிடுகிறீர்கள். வண்டி கிளம்புகிறது. ஒன்றன் பின் ஒன்றாகச் சுரங்கங்கள் வருகின்றன. கொஞ்ச நேரத்தில் காது அடைக்கிறது. எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்கிறது.

அப்போது பையில் உள்ள சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்கள். தாராவியில் வாங்கும்போது தளர்வாக இருந்தது. லோனாவ்லா வரும்போது உப்பி இருக்கும். அதில் யார் காற்று அடைத்தார்கள்?

யாரும் அடைக்கவில்லை. வெளியே உள்ள காற்று குறைந்துவிட்டது. அவ்வளவுதான்.

காற்றுக்கும் எடை உண்டு. நம் தலைக்கு மேல் பல கிலோ மீட்டர் உயரத்துக்குக் காற்று நிற்கிறது. அது நம்மை எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. உங்கள் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள். அவ்வளவு சின்ன இடத்தின் மேல் சுமார் ஒரு கிலோ எடை அழுத்துகிறது. நமக்கு ஏன் அது தெரியவில்லை? உடம்புக்குள் இருக்கும் காற்றும் நீரும் அதே அளவு வெளியே தள்ளுகின்றன. பிறந்த நாள் முதல் நாம் இந்த அழுத்தத்தில்தான் வாழ்கிறோம்.

மேலே போகப் போகக் காற்று குறையும். அழுத்தமும் குறையும். லோனாவ்லா கடல் மட்டத்திலிருந்து சுமார் 620 மீட்டர் உயரம். அதற்கே காது அடைக்கிறது. குர்லா, காட்கோபர் பக்கம் வீட்டுக் கூரையை உரசுவது போல விமானங்கள் போகின்றன. அவை மேலே சென்று 10,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் பறக்கும். அங்கே உடம்புக்கு என்ன ஆகும்?

விமானத்துக்குள் ஊட்டி

அந்த உயரத்தில் வெளியே இருக்கும் காற்று, தரையில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குதான். குளிரோ பனிக்கட்டியை விடப் பல மடங்கு கடுமை. அந்தக் காற்றை நேராகச் சுவாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பிவிடும்.

அதனால் விமானத்தை இறுக்கமாக மூடுகிறார்கள். உள்ளே எந்திரம் மூலம் காற்றை அடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு அடைப்பதில்லை. அவ்வளவு அடைத்தால் விமானத்தின் உடல் அதைத் தாங்க மிகவும் கனமாக இருக்க வேண்டும். ஆகவே ஏறக்குறைய ஊட்டி மலையில் இருக்கும் காற்று அளவுக்கு வைக்கிறார்கள். துபாய்க்குப் போகிறவர் அந்த மூன்று மணி நேரமும் ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

இந்த ஏற்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதை மும்பையே ஒரு முறை பார்த்தது. 2018 செப்டம்பர் 20 காலையில் ஜெட் ஏர்வேஸ் விமானம் ஒன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பியது. 166 பயணிகள் இருந்தார்கள். உள்ளே காற்றழுத்தத்தைக் காக்கும் விசையை விமானிகள் போட மறந்துவிட்டார்கள். விமானம் ஏற ஏற உள்ளே காற்று குறைந்தது. சுமார் 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. பலருக்குத் தலைவலி. மேலிருந்து பிராணவாயு முகமூடிகள் கீழே தொங்கின. விமானம் மும்பைக்கே திரும்பி இறங்கியது. மறந்தது ஒரே ஒரு விசைதான்!

முகமூடி தொங்கினால் ஒரு விதி உண்டு. முதலில் உங்களுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகுதான் குழந்தைக்கு. குழந்தைக்கு முதலில் போடத்தான் தாய் மனம் துடிக்கும். ஆனால் தாய் மயங்கி விழுந்தால் குழந்தைக்குப் போட யார் இருக்கிறார்கள்?

இனி காதுக்கு வருவோம். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய் உள்ளது. அது திறந்தால் காதின் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறக்கும். விமானம் ஏறும்போது காது வலிப்பதை விட இறங்கும்போது வலிப்பதுதான் அதிகம். இறங்கும்போது அந்தக் குழாய் தானாகத் திறக்காது. நாம்தான் திறக்க வேண்டும். ஆகவே விமானம் இறங்கும் நேரத்தில் தூங்க வேண்டாம். மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுச் சப்புங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். விமானத்தில் குழந்தைகள் வீறிட்டு அழுவதற்குப் பெரும்பாலும் இந்தக் காது வலிதான் காரணம். திருஷ்டியும் இல்லை, பயமும் இல்லை.

சளி பிடித்திருந்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது பறந்தால் காதின் சவ்வு கிழியவும் கூடும். வளைகுடா நாட்டு வேலைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, கடும் சளியும் பிடித்திருக்கிறது என்றால், கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்கள். இதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு உள்ளவர்களும், புதிதாக ஆபரேஷன் ஆனவர்களும், கர்ப்பிணிகளும் அப்படியே. நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காலில் ரத்தம் தேங்கும். சிலருக்கு உறைந்தும் போகும். ஆகவே இடையிடையே எழுந்து நடப்பது நல்லது. உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம்.

பெங்களூரில் ஒரு பெரிய ராட்டினம்

பறப்பதால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதை ஆராய நம் நாட்டில் தனி நிறுவனமே உண்டு. அது பெங்களூரில் இருக்கிறது. 1957-ல் விமானப்படை தொடங்கியது. அங்கே டாக்டர்கள் விமானிகளின் உடம்பைப் படிக்கிறார்கள்.

அங்கே ஒரு எந்திரம் உள்ளது. நீண்ட இரும்புக் கை. அதன் நுனியில் ஒரு அறை. அறைக்குள் விமானியை உட்கார வைத்துச் சுழற்றுவார்கள். மேளாவில் பார்க்கும் குடை ராட்டினம் போலத்தான். ஆனால் வேகம் பயங்கரம்.

எதற்காக? சண்டை விமானம் சட்டென்று திரும்பும்போது விமானியின் எடை கூடுவது போல ஆகும். சில நொடிகளுக்கு ஒன்பது மடங்கு வரை கூடலாம். 60 கிலோ எடை உள்ளவர் 540 கிலோ போல ஆகிவிடுவார். கையைத் தூக்க முடியாது. ரத்தம் எல்லாம் காலுக்கு இறங்கிவிடும். மூளைக்குப் போகாது. முதலில் கண்ணில் நிறங்கள் மங்கும். பிறகு இருட்டும். பிறகு மயக்கம். அந்த வேகத்தில் விமானி மயங்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே விமானிகள் ஒரு சிறப்பு உடுப்பு அணிகிறார்கள். திருப்பத்தில் அது தானாகக் காற்றால் நிறைந்து கால்களையும் வயிற்றையும் இறுக்கும். ரத்தத்தைக் கீழே இறங்க விடாது. கூடவே தசைகளை இறுக்கி மூச்சை அடக்கும் வித்தையையும் கற்றுக்கொள்கிறார்கள். அதைப் பழகும் இடம்தான் அந்த ராட்டினம்.

1980-களில் இதே நிறுவனத்துக்கு வேறு ஒரு வேலை வந்தது. விண்வெளிக்குப் போக ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும். ராகேஷ் சர்மா, ரவீஷ் மல்கோத்ரா என்ற இரண்டு விமானப்படை விமானிகள் தேர்வானார்கள். சோதனைகளில் ஒன்று வேடிக்கையானது. ராகேஷ் சர்மாவை ஓர் அறையில் தனியாக 72 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். மூடிய சின்ன இடத்தில் மனம் கலங்குகிறதா என்று பார்த்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் வாழும் நம்மவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தனிமை என்பது வேறு விஷயம்.

1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோவியத் ராக்கெட்டில் கிளம்பினார். இரண்டு சோவியத் வீரர்கள் கூடப் போனார்கள். சல்யூட் 7 என்ற விண்வெளி நிலையத்தில் தங்கினார்கள். ஏப்ரல் 11 அன்று பத்திரமாகத் திரும்பினார்கள். இந்தியாவிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் மனிதர் அவர்தான்.

அவர் அங்கே செய்த ஆய்வுகளில் ஒன்று யோகாசனம். எடை இல்லாத இடத்தில் யோகாசனம் உடம்புக்கு உதவுமா என்று பார்த்தார்கள். ஆனால் ஆசனம் செய்ய முதலில் தரையில் நிற்க வேண்டுமே! அங்கே பாதத்துக்கு அடியில் எடையே தெரியாது. ஆள் மிதப்பார். ஆகவே அவரைப் பட்டைகளால் கட்டி நிறுத்த வேண்டியிருந்தது. ஒரே ஒருவர் ஒரு வாரம் செய்ததை வைத்து முடிவாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எடை போய்விட்ட உடம்பை எப்படிக் காப்பது என்ற கேள்வியை நம் நாடு அன்றே கேட்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ஒலெக் அத்கோவ். அவர் இதய டாக்டர். அந்த மூவரும் அந்த முறை 237 நாட்கள் அங்கே தங்கினார்கள். நோயாளி இல்லாத இடத்துக்கு ஏன் டாக்டர் போனார்? நல்ல உடம்பே அங்கே மாறிப்போகிறது. அது எப்படி மாறுகிறது என்று கூட இருந்து பார்க்கத்தான் போனார்.

எடை எங்கே போகிறது?

விண்வெளியில் பூமியின் இழுப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. இப்போது உள்ள சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கேயும் பூமியின் இழுப்பு இருக்கிறது. தரையில் 100 பங்கு என்றால் அங்கே சுமார் 90 பங்கு.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்?

டிசம்பர் மாதம் மாஹிம் தர்கா மேளாவுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே பெரிய ராட்டினம் போடுவார்கள். அது உச்சிக்குப் போய்க் கீழே இறங்கும்போது வயிற்றில் என்ன ஆகிறது? குடல் மேலே எழுவது போல இருக்கும். பெஞ்சிலிருந்து உடம்பு கொஞ்சம் தூக்கும். பெண்கள் சத்தம் போடுவார்கள். ஆண்கள் சத்தம் போடாதது போல நடிப்பார்கள். அந்த ஒரு கணத்தில் நீங்கள் விழுகிறீர்கள். பெஞ்சும் உங்களோடு விழுகிறது. அதனால் பெஞ்சு உங்களைத் தாங்குவது குறைகிறது. எடை குறைந்தது போலத் தோன்றுகிறது.

விண்வெளி நிலையமும் அப்படித்தான். அது விழுந்துகொண்டே இருக்கிறது!

ஒரு கல்லை மெதுவாக வீசினால் பக்கத்தில் விழும். வேகமாக வீசினால் தள்ளிப் போய் விழும். மணிக்கு 28,000 கிலோ மீட்டர் வேகத்தில் போனால்? அதுவும் விழும். ஆனால் பூமி உருண்டை. அது விழ விழ, கீழே தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகும். ஆகவே தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம். மும்பையிலிருந்து சென்னை வரை உள்ள ரயில் தூரத்தை மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிக்கும், 16 முறை மறையும். உள்ளே இருப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவதில் வியப்பு என்ன?

மாஹிம் ராட்டினத்தில் அந்த உணர்வு ஒரு கணம்தான். அங்கே மாதக்கணக்கில்.

முகம் வீங்கும், கால் மெலியும்

முதல் ஒன்றிரண்டு நாட்கள் பாதிப் பேருக்கு மேல் குமட்டல் வரும். காதுக்குள் ஆழத்தில் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போல அது எது மேல், எது கீழ் என்று காட்டும். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும். மூளை குழம்பும். மலைப் பாதை பஸ்ஸில் வாந்தி வருவதும் இந்தக் குழப்பத்தால்தான்.

அடுத்தது ரத்தமும் நீரும். தரையில் இவை காலுக்கு இறங்கப் பார்க்கும். இதயம் மேலே தள்ளும். அங்கே இறங்குவது இல்லை. ஒன்றரை, இரண்டு லிட்டர் நீர் காலிலிருந்து மேலே ஏறிவிடும். முகம் உப்பும். மூக்கு அடைக்கும். கால்கள் மெலிந்து போகும். சிலருக்குக் கண் பார்வையும் மாறுகிறது. முதுகெலும்பு நீளும். சில சென்டிமீட்டர் உயரமாகிவிடுவார்கள். கூடவே முதுகு வலியும் வரும்.

இவற்றில் பல, திரும்பி வந்ததும் சரியாகிவிடும். எளிதில் சரியாகாதது எலும்பு.

எலும்பு என்றால் கல் போல மாறாதது என்று நினைக்கிறோம். எலும்பு உயிருள்ளது. ஒரு பக்கம் அது தேயும். மறு பக்கம் புதிதாக வளரும். நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் சுமக்கும்போதும் எலும்பின் மேல் எடை விழுகிறது. அந்த எடைதான் 'இங்கே பலம் வேண்டும், கட்டு' என்று எலும்புக்குச் சொல்கிறது. எடை இல்லாவிட்டால் கட்டுவது குறையும். தேய்வது நிற்காது. எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து சிறுநீரில் போகும். அதனால் சிறுநீரகக் கல் வரும் ஆபத்தும் கூடும்.

விண்வெளியில் உடற்பயிற்சி செய்யாவிட்டால் இடுப்பு எலும்பு மாதத்துக்கு நூற்றில் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை குறைகிறது. வயதான பெண் ஒருவர் ஓர் ஆண்டில் இழப்பதை, உடம்பு வலுவான வீரர் அங்கே ஒரு மாதத்தில் இழக்கிறார். தசையும் அப்படியே கரைகிறது.

ஆகவே அங்கே தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்தாக வேண்டும். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலையில் ஒரு பகுதி. ஓடும் எந்திரத்தில் ரப்பர் பட்டைகளால் தங்களைக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். சுனிதா வில்லியம்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய தந்தையின் ஊர் குஜராத்தில் உள்ள ஜூலாசன் கிராமம். 2007-ல் அவர் விண்வெளியில் இப்படிக் கட்டிக்கொண்டு ஒரு முழு மாரத்தான் தூரம், அதாவது 42 கிலோ மீட்டர் ஓடினார். 2024 ஜூன் மாதம் சுமார் ஒரு வாரப் பயணம் என்று மறுபடி போனார். போன கலத்தில் கோளாறு. 286 நாட்கள் கழித்து 2025 மார்ச்சில்தான் திரும்பினார். அவரை ஸ்டிரெச்சரில் வைத்துக் கொண்டு போனதை டி.வி.யில் பார்த்துப் பலர் பயந்தார்கள். நீண்ட நாள் தங்கித் திரும்பும் வீரர்களை அப்படிக் கொண்டு போவது வழக்கம்தான். ரத்தத்தை மேலே தள்ளவும், நிற்கவும் உடம்பு மறுபடி பழக வேண்டும்.

லக்னோவைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று போய், ஜூலை 15 அன்று திரும்பினார். ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு 41 ஆண்டுகள் கழித்துப் போன இரண்டாவது இந்தியர் அவர். வெந்தயம், பாசிப்பயறு விதைகளை அங்கே முளைக்க வைத்தார். எடை இல்லாத இடத்தில் தசை ஏன் வளர மறுக்கிறது என்ற பெங்களூர் ஆய்வு ஒன்றையும் செய்தார். திரும்பி வந்ததும் படம் எடுக்கக் கையில் போனை வாங்கினார். போன் மிகவும் கனத்ததாம்! கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்தவர், மடிக்கணினியை மூடிப் பக்கத்தில் காற்றில் விட்டார். மிதக்கும் என்ற நினைப்பு. அது தரையில் விழுந்தது. 20 நாளில் உடம்பும் மனமும் இவ்வளவு பழகிவிடுகின்றன.

இவர்களில் சிலர் திரும்பவே இல்லை. ஹரியானாவில் பிறந்த கல்பனா சாவ்லாவும் கூட இருந்த ஆறு பேரும் 2003 பிப்ரவரி 1 அன்று, தரை இறங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது கலம் உடைந்து இறந்தார்கள். அந்த 16 நாள் பயணத்தில் அவர்கள் செய்த ஆய்வுகளில் பல, உடம்பைப் பற்றியவை. தங்கள் உடம்பையே ஆய்வுக்குக் கொடுத்திருந்தார்கள்.

கட்டிலும் ஒரு விண்வெளிதான்

எல்லோரையும் விண்வெளிக்கு அனுப்பி ஆராய முடியாது. செலவு அதிகம். ஆகவே தரையிலேயே ஒரு வழி கண்டார்கள். ஆரோக்கியமான ஆட்களைக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். கட்டிலின் தலைப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். 60 நாள் வரையும் அதற்கு மேலும் எழவே கூடாது. சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடியே. ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் 2019-ல் கூட இப்படி ஓர் ஆய்வு நடந்தது. படுத்தவர்களுக்கு என்ன ஆனது? விண்வெளி வீரருக்கு ஆவது போலவே எலும்பும் தசையும் குறைந்தன.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? இந்தக் கட்டில் நம் வீட்டிலும் இருக்கிறது.

பாட்டி வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாட்டி படுத்துவிட்டார். அதன் பிறகு பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அத்தை, டாக்டர் உட்காரச் சொன்னாரே. கொஞ்சம் எழுந்திருங்க."

"வேண்டாம் தாயி. மறுபடி விழுந்துட்டா உனக்குத்தான் கஷ்டம்."

பக்கத்து வீட்டுக்காரர் வருவார். "வயசான காலத்துல அவங்கள ஏன்மா படுத்துறே? பேசாம ரெஸ்ட் எடுக்கட்டும்" என்பார்.

அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் கணக்கு வேறு. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. நோய் இல்லாத, நடமாடும் முதியவர்கள் சிலர் பத்து நாள் கட்டிலிலேயே இருந்தார்கள். பத்தே நாளில் அவர்களின் கால்களில் இருந்த தசை சுமார் ஒரு கிலோ குறைந்தது. கையிருப்பு குறைவான வயதில் ஒரு கிலோ என்பது பெரிய நஷ்டம். அப்படி மெலிந்த காலோடு எழுந்தால் மறுபடி விழுவார். எலும்பும் தேய்ந்திருப்பதால் மறுபடி முறியும்.

நம் பகுதியில் இதற்குத் தடைகள் நிறைய. வீடு சின்னது. சந்து குறுகல். கழிப்பறை தூரம். மேலே இருந்தால் செங்குத்தான ஏணி. பாட்டியை வெளியே நடத்துவது எளிதல்ல. ஆனால் பத்தடி வீட்டுக்குள்ளும் சுவரைப் பிடித்து நாலு முறை போய் வரலாம். அதுவும் முடியாவிட்டால் கட்டிலின் ஓரத்தில் உட்காரலாம். படுத்தபடியே பாதத்தை மடக்கி நீட்டலாம். எப்போது உட்காரலாம், எப்போது காலை ஊன்றலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் உடற்பயிற்சி சொல்லித் தரவே தனிப் பிரிவு உண்டு. கேட்டால்தான் காட்டுவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

செம்பூரில் ஒரு வில்லை

இன்னும் ஒரு ஆபத்து பாக்கி இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. கதிர்வீச்சு.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கதிர்வீச்சு உள்ள இடங்களில் வேலை செய்பவர்கள் சட்டையில் ஒரு சின்ன வில்லை அணிவார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது கணக்கு வைக்கும். அளவு மீறினால் அந்த வேலையிலிருந்து விலக்குவார்கள். விண்வெளி வீரர்களும் இப்படி அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். காற்று என்ற போர்வை அங்கே இல்லை. தரையில் இயற்கையாக ஓர் ஆண்டில் நம் மேல் படும் கதிர், அங்கே ஒரு வாரத்துக்குள் பட்டுவிடும். அளவு கூடினால் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். எப்போதாவது விமானத்தில் போகும் நமக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை.

எடைக்குப் பயிற்சி உண்டு. கதிருக்குப் பயிற்சி கிடையாது. தடுப்புச் சுவர்தான் வேண்டும், சுவரோ கனம். செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதரை அனுப்புவது தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். போவதற்கே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அங்கே இறங்கினால் தூக்கிப் போக ஸ்டிரெச்சரும் இருக்காது, ஆளும் இருக்காது.

ரஷ்ய டாக்டர் வலேரி பொல்யகோவ் இதை நினைத்துத்தான் 437 நாட்கள் தொடர்ந்து விண்வெளியில் இருந்தார். 1995 மார்ச்சில் தரை இறங்கினார். மற்றவர்கள் தூக்க வந்தார்கள். அவர் கலத்திலிருந்து பக்கத்தில் போட்டிருந்த நாற்காலி வரை தானே நடந்து போய் உட்கார்ந்தார். சில அடி தூரம்தான்.

நம் நாடும் தன் சொந்த ராக்கெட்டில் ஆளை அனுப்பத் தயாராகி வருகிறது. திட்டத்தின் பெயர் ககன்யான். அதற்கான நான்கு விமானிகளின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று வெளியாயின. சுபான்ஷு சுக்லா அதில் ஒருவர். இன்னொருவர் அஜித் கிருஷ்ணன். அவர் சென்னையில் பிறந்தவர்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் விமானத்தில் போய் வந்தவர் யார்? காது எப்போது அதிகம் அடைத்தது, ஏறும்போதா, இறங்கும்போதா என்று கேளுங்கள்.

மூக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். காதில் என்ன தெரிகிறது?

உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர் உண்டா? எத்தனை நாளாக? உட்கார வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார்களா?